ஏறுங்கோ, இடம் இருக்கு: வன்னியில் பாரம் ஏற்றிய வண்டிகளின் கதை

வன்னியில் ஒரு சின்ன லொறி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். கிலோக் கணக்கில் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். "இன்னும் ரெண்டு மூடை போடலாம்" என்பார்கள். வானில் எத்தனை பேர் போகலாம் என்றால், "கடைசி ஆள் ஏறின பிறகு சொல்லுறன்" என்பார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழுகிற எங்களில் கன பேருக்கு, களை பிடுங்கவோ கச்சான் ஆயவோ பட்டாவின் பின்பெட்டியில் நின்றுகொண்டு போய்வந்த ஒரு அம்மாவோ அக்காவோ வீட்டில் இருக்கிறார். அந்தப் பெட்டி நெல்லுக்கும் சீமெந்துக்கும் என்று செய்யப்பட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? "எங்கட சனத்துக்கு ஒழுங்கு தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரியாமல் யாருக்கும் புத்தி சொல்ல முடியாது.

தட்டிவான் காலம்

வன்னியின் வடக்கு வாசலில் கொடிகாமம் இருக்கிறது. அந்தச் சந்தையையும் பருத்தித்துறைப் பக்கத்தையும் இணைத்து ஓடிய தட்டிவான்களை எங்கள் தாத்தா பாட்டிமார் நன்றாக அறிவார்கள். பழைய செவ்ரலே, போர்ட் வண்டிகளின் சட்டகத்தில் மரத்தால் கூடு கட்டி, பின்பக்கம் சங்கிலியில் தொங்குகிற ஒரு பலகையைப் பூட்டுவார்கள். அந்தப் பலகைதான் தட்டி. உள்ளே சனம் இருக்கும். தட்டியில் தேங்காய், பூசணிக்காய், வாழைக்குலை, சிலவேளை ஆடும் நிற்கும். மிச்சமான இடத்தில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவார்கள்.

சனமும் சாமானும் ஒரே வண்டியில் போவதை எங்களுக்குப் பழக்கிய முதல் வாகனங்களில் அது ஒன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டிவான் மெதுவாகப் போனது. தெருவில் வேறு வாகனமும் குறைவு. சந்தைக்கும் வீட்டுக்கும் இடையில் தூரமும் கொஞ்சம். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்து, ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடினால் நடப்பது வேறு.

வன்னிப் பெருநிலத்தில் பாரம் என்பது பெரும்பாலும் வயலிலிருந்து வந்தது. இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேற்றங்கள் வந்தன. பிறகு விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, செத்தல் மிளகாய் மூடைகள் லொறி லொறியாகத் தெற்கே போயின. அப்போது ரயிலும் ஓடியது. வடக்குப் பாதை 1905இலேயே காங்கேசன்துறை வரைக்கும் போய்விட்டது. பாரத்தில் ஒரு பங்கைத் தண்டவாளம் சுமந்தது.

1990 ஜூனில் அந்த ரயில் நின்றது. திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டெம்பரில். இடையில் 23 வருசம். அவ்வளவு காலமும் வன்னியின் முழுப் பாரமும் தெருவில்தான்.

மண்ணெண்ணெயில் ஓடிய வருசங்கள்

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. பெற்றோலில் ஓடவேண்டிய எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வாகனம் புகை கக்கிக்கொண்டு போகும். உதிரிப்பாகம் கிடையாது. ஒரு வண்டியை ஓடவைக்க இரண்டு பழைய வண்டிகளைக் கழற்றினார்கள்.

இந்த நிலைமையில் ஒரு வாகனம் புறப்படுகிறது என்றால் அது ஊருக்கே செய்தி. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர், சங்கக்கடைச் சாமான் எடுக்கப் போகிறவர், பிள்ளையைப் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் எல்லாரும் அதில்தான் ஏறவேண்டும். எரிபொருள் அவ்வளவு அருமையாக இருக்கும்போது அரைவாசி காலியாக வண்டி ஓட்டுவது பாவம் மாதிரி. "ஏறுங்கோ, இடம் இருக்கு" என்ற சொல் அந்த வருசங்களில் ஒரு பண்பாகவே ஆகிவிட்டது. ஏற்றாமல் போனவனை ஊர் நினைவில் வைத்திருந்தது. அதிகமாக ஏற்றியவனை ஒருவரும் குறை சொல்லவில்லை.

லான்ட்மாஸ்டரையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். வயல் உழுவதற்கு வந்த இருசில்லு உழவு யந்திரம் அது. பின்னுக்கு ஒரு பெட்டியைக் கொழுவினதும் பஸ்ஸாகவும் லொறியாகவும் அம்புலன்ஸாகவும் மாறிவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையைக் கடல் அடித்தபோதும் காயக்காரரை ஏற்றி ஓடியவற்றில் ரக்ரரும் லொறியும் இருந்தன. அன்றைக்கு யாரும் பாரக் கணக்குப் பார்த்திருக்க முடியாது. பார்த்திருக்கவும் கூடாது.

வீட்டையே ஏற்றிய வண்டிகள்

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு சனம் தென்மராட்சிக்குப் போனது. அடுத்த வருசம் அதில் பெரும்பகுதி கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தது. ஒரு எஞ்சின் வள்ளத்துக்குப் பின்னால் பல வள்ளங்களைக் கட்டி இழுத்தார்கள். அதே 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. அக்கராயன், மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்பு என்று சனம் பரவியது. அந்த வருசங்களில் வன்னியில் பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகுமுன்னரே ரக்ரர் பெட்டியில் சாமானுக்கு மேல் இருந்து பயணம் செய்தவர்கள்.

2008இல் நடந்தது இன்னும் பெரிது. மன்னார்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, மல்லாவி, அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டோம். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தபோது அந்த ஊரில் சனம் இல்லை. எல்லாரும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், ஏ35இல் இருந்தார்கள்.

முதல் இடப்பெயர்வில் கூரைத் தகரம், கதவு, யன்னல், நெல் மூடை, தையல் மிசின், கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றினார்கள். அடுத்த இடத்தில் கொஞ்சம் விட்டார்கள். அதற்கு அடுத்த இடத்தில் இன்னும் கொஞ்சம். பாரம் குறையக் குறையத் தூரமும் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் முள்ளிவாய்க்காலில் கையில் இருந்தது ஒரு பையும் பிள்ளையும்தான். வண்டிகள் எரிந்தும் உடைந்தும் அந்தக் கரையோரத்திலேயே கிடந்தன.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? எங்கள் பெற்றோருக்குப் பாரம் ஏற்றிய வண்டி என்பது ஆபத்தின் அடையாளம் இல்லை. அது தப்பியதின் அடையாளம். விட்டுவிட்டு வந்த மூடை திரும்பக் கிடைக்கவில்லை. ஏற்றாமல் விட்ட ஆள் சிலவேளை திரும்பி வரவில்லை. "இதையும் போடு, பிறகு வரேலாமல் போனாலும்" என்ற எண்ணம் அங்கே உருவானது. அப்படி உருவான ஒன்று, சண்டை முடிந்தது என்பதற்காக அடுத்த நாளே போய்விடாது.

லீசிங்கில் வந்த பட்டா

சண்டை முடிந்து ஏ9 திறந்தது. வீதிகள் காபெற்றானது. வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் கிளிநொச்சிக்கு வந்தன. அவற்றோடு சின்ன லொறியும் வந்தது.

2005இல் இந்தியாவில் டாட்டா கொம்பனி ஏஸ் என்ற சிறு லொறியை விற்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்குக் குட்டி யானை என்று பெயர். இலங்கையில் டிமோ நிறுவனம் அதைப் பட்டா என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று எங்கள் ஊரில் எந்தச் சின்ன லொறியும் பட்டாதான், கம்பனி எதுவாக இருந்தாலும். ஒரு தென்னந்தோட்டத்துக்குள்ளும் போகும், ஒழுங்கைக்குள்ளும் திரும்பும், கொஞ்ச டீசல் குடிக்கும். வயலும் கடனும் மட்டும் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு அது ஒரு தொழில். இதை நாங்கள் குறைவாகச் சொல்லவில்லை. வன்னி திரும்ப எழும்பியதில் இந்தச் சின்ன வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் முதல் ஏஸின் கணக்கைப் பாருங்கள். இரண்டு சிலிண்டர், 702 சிசி எஞ்சின், 16 குதிரைவலு. ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. பாரத்தோடு மொத்த எடை 1,550 கிலோ.

750 கிலோ என்றால் 50 கிலோச் சீமெந்துப் பை 15. நெல் மூடை ஒன்று 65 கிலோ என்று வைத்தால் 11 மூடை. ஓட்டுநரின் எடையையும் சேர்த்துப் பார்த்தால் 10 மூடையோடு நிற்பாட்டவேண்டும். மணல் இன்னும் மோசம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஈரமணல் என்றால் அது நாலரை, ஐந்து தொன் வரும். கால் கியூப் ஏற்றினாலே ஒரு தொன்னைத் தாண்டிவிடும். பெட்டியைப் பார்த்தால் இன்னும் நிரம்பாத மாதிரி இருக்கும். கண்ணுக்கு இடம் இருக்கிறது, அச்சுக்கு இல்லை. உங்கள் ஒழுங்கையில் போகிற பட்டாவில் எத்தனை மூடை இருக்கிறது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். புதிய வண்டிகள் சில இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டு.

லீசிங் கட்டவேண்டிய ஆள் இந்தக் கணக்கை இன்னொரு விதமாகப் பார்க்கிறார். 20 மூடையை இரண்டு முறை கொண்டுபோனால் டீசல் இரண்டு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. கொடுக்கிற கூலியோ ஒரு நடைக்குத்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியும் நின்றது. 2025 தொடக்கம் வரைக்கும் அது திறக்கவில்லை. பழைய வண்டியின் விலை ஏறியது, உதிரிப்பாகத்தின் விலையும் ஏறியது. 2022 ஓகஸ்ட் மாதம் வரும்போது கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், வானுக்கு 20 லீற்றர். மண்ணெண்ணெய்க் காலம் திரும்ப வந்த மாதிரி இருந்தது. ஒரே நடையில் எல்லாத்தையும் ஏத்து என்ற பழைய புத்தி திரும்பவும் சரியாகப் பட்டது.

ஓட்டுநரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கூலி கொடுக்கிற நாங்கள்தான் "அண்ணை, ஒரு நடையிலயே முடிச்சு விடுங்கோவன்" என்று கேட்கிறோம்.

பாரத்துக்குக் கீழே என்ன நடக்கிறது

கராஜில் வேலை செய்கிற பெடியங்களிடம் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். சுருக்கமாக:

முதலில் பிறேக். வண்டியின் எடை இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் நிற்பாட்டத் தேவையான சக்தியும் இரண்டு மடங்கு. பிறேக்கின் பிடி கூடுவதில்லை. ஆகவே நிற்க எடுக்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அடிக்கடி மிதித்தால் டிறம் சூடாகிப் பிடி இன்னும் குறையும். புளியங்குளத்துக்கு அந்தப் பக்கம் இரவில் மாடு தெருவில் படுத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மாட்டைக் கண்டபிறகு இருக்கிற தூரம் மாறப்போவதில்லை.

அடுத்தது ஸ்ரேறிங். பாரம் பின் அச்சுக்குப் பின்னால் கூடினால் முன்சில்லு இலேசாகும். வளைத்தாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். முன்பக்கம் எழும்புவதால் லைற்றும் மேலே பார்க்கும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கண் கூசும், உங்களுக்கு முன்னால் தெரு தெரியாது.

பிறகு ரயர். காற்றுக் குறைந்த ரயரில் பாரம் ஏறினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். வெயில் நேரம் காபெற் வீதியில் நீண்டதூரம் ஓடும்போது வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கன பேர் செய்கிற மருந்து வில்லுக்கு மேலதிகத் தகடு போடுவது. அது வண்டி தாழ்ந்து தெரிவதை மட்டும் மறைக்கிறது. பிறேக்கும் அச்சும் ரயரும் பழையபடியே இருக்கின்றன. நோய் இருக்க, காய்ச்சல் காட்டுகிற கருவியை உடைத்த மாதிரி.

கடைசியாக உயரம். மூடைக்கு மேல் மூடை, அதற்கு மேல் ஆள் என்று போகப்போக வண்டியின் எடை மையம் மேலே போகிறது. காபெற் ஓரத்துக்கும் கிரவல் ஓரத்துக்கும் இடையில் ஒரு படி இருக்கும் இடங்கள் எங்கள் வீதிகளில் கனக்க. பஸ்ஸுக்கு வழிவிட ஒரு பக்கச் சில்லு இறங்கினால் போதும்.

வீதிக்கும் இதில் பங்கு உண்டு. 1958 தொடக்கம் 1960 வரை அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், லொறிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு பெரிய வீதிச் சோதனை செய்தார்கள். அதில் தெரிந்தது, அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகும் என்பது. இரண்டு நடையை ஒரு நடையாக்குவதில் மிச்சம் பிடித்த டீசல், ஆறு மாதத்தில் குழியாகி எங்களுக்கே திரும்பி வருகிறது. அதிலும் பெரிய பங்கு மணல் டிப்பர்களுடையது. பட்டாக்காரரை மட்டும் மறித்துத் தண்டம் எழுதுவது நியாயமும் இல்லை.

மேலே நிற்பவர் யார்?

நெல் மூடை விழுந்தால் கிழியும். ஆள் விழுந்தால்? எங்களுக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது இந்தக் கேள்வியால்தான்.

முன்சீற்றில் ஓட்டுநருக்குக் கதவு இருக்கிறது, இருக்கை இருக்கிறது, பட்டி இருக்கிறது. பின்னால் நிற்கிற கூலிப் பெண்ணுக்குப் பிடிக்க ஒரு கம்பியும் பக்கத்தில் நிற்பவரின் தோளும்தான். அவர்களில் பலர் போரில் கணவரை இழந்தவர்கள், வீட்டின் ஒரே உழைப்பாளிகள். வண்டியில் ஏறமாட்டேன் என்று சொன்னால் அன்றைய கூலி இல்லை. விடியப்புறம் அந்த வயலுக்குப் போக பஸ்ஸும் இல்லை. "அவர்களே விரும்பித்தானே ஏறினார்கள்" என்று சொல்வது இந்த இடத்தில் பொருந்தாது.

இது வன்னிக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. 2024 மே 20 அன்று இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில், கவர்தாவுக்குப் பக்கத்தில், பீடி இலை பறித்துவிட்டு வந்த பைகா பழங்குடியினரை ஏற்றிய பிக்கப் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. 19 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். எங்கள் நாட்டில் 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டியெல்லவில் அளவுக்கு மிஞ்சிய ஆட்களோடு வந்த பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் பல இருக்கலாம். வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் எத்தனை வீட்டில் செத்தவீடு என்பதைத் தீர்மானிக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் வெறும் எடையும் மொத்த எடையும் எழுதியிருக்கிறது. ஆனால் சட்டம் தெருவில் நின்று மறிக்கும்போது முதலில் இறக்கப்படுபவரும் அந்தக் கூலிப் பெண்தான். நடுத்தெருவில் இறக்கிவிட்டால் அவர் எப்படி வீட்டுக்குப் போவார் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் சனம் பொலிசைக் கண்டதும் குனிந்து மறைகிறது. வீதித்தடைகளில் வளர்ந்த எங்களுக்கு மறைவது நன்றாகத் தெரியும்.

இப்போது என்ன செய்யலாம்

பெரிய திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை. சில சின்ன விசயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஆளையும் பாரத்தையும் பிரிப்பது. மூடை போகிற நடையில் ஆள் போகக்கூடாது. அறுவடைக் காலத்தில் விடியவும் பின்னேரமும் உள்வீதிகளுக்கு ஒரு பஸ் விடச் சொல்லி கமக்கார அமைப்புகளும் மாதர் சங்கங்களும் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர் கூலியோடு பயணத்துக்கும் பொறுப்பு என்று பேசி முடிவெடுக்கலாம்.

இரண்டு, கூலியை நடைக்குப் பேசாமல் மூடைக்குப் பேசுவது. மூடைக்கு இவ்வளவு என்றால், ஓட்டுநர் இரண்டாம் நடை போவதில் அவருக்கு நட்டம் குறையும். அந்தக் கொஞ்சக் காசை நாங்கள் கூடக் கொடுக்கத்தான் வேண்டும். பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு, இவ்வளவு காலமும் அதைப் பின்பெட்டியில் நின்றவர் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று, பாடசாலை வான். இதில் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் தம்பியோ தங்கையோ போகிற வானில் எத்தனை இருக்கை, எத்தனை பிள்ளைகள் என்று ஒரு நாள் போய் எண்ணுங்கள். மற்றப் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஒரு வீடு தனியே கேட்டால் "வேற வான் பாருங்கோ" என்பார்கள். பத்து வீடு சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நான்கு, திருவிழா. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் கன்ரரிலும் ரக்ரரிலும் போவது எங்களுக்குச் சந்தோசமான விசயம். போங்கள். பெட்டியில் நிற்காமல் இருந்து போங்கள், விளிம்பில் காலைத் தொங்கப்போட வேண்டாம், இரவில் திரும்பும்போது ஓட்டுகிற ஆள் நித்திரை கொண்டவரா என்று கேளுங்கள்.

எங்கள் அப்பா அம்மாவிடம் இதைப் பேசும்போது ஒரு விசயத்தை மனதில் வைத்திருப்போம். அவர்கள் "ஏறுங்கோ, இடம் இருக்கு" என்று சொன்னது ஒருவரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக. அந்த நோக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்குப் பின்னால் ஷெல் விழுந்தது, இரண்டாம் நடை என்று ஒன்று இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. வண்டி பத்து மூடையை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். அரை மணித்தியாலம் பிந்தும், அவ்வளவுதான்.